சொல்லுங்க, வாங்க, செல்க: திருப்பூரில் ஒரு ஸ்பானிய வகுப்பு

திருப்பூரில் அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு மாடியில், சனி, ஞாயிறு மாலைகளில் நடக்கும் ஸ்பானிய மொழி வகுப்பில் நான் நான்கு மாதம் படித்தேன். மொத்தம் 32 வகுப்புகள். கட்டணம் 14,000 ரூபாய். ஓர் அணியில் பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. அந்த 32 வகுப்புகளில் எட்டு வகுப்புகள் ஒரே பாடத்துக்குச் செலவிடப்பட்டன. ஒழுங்குக்குள் அடங்காத வினைச்சொற்களை, விருப்பம், ஐயம், இன்னும் நடக்காத செயல் போன்றவற்றைச் சொல்ல வரும், ஆங்கிலத்தில் ‘சப்ஜங்டிவ்’ என்று சொல்லப்படும் வடிவத்தில், நிகழ்காலத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்பதே அந்தப் பாடம். இந்த மதிப்புரை பெரும்பாலும் அந்த எட்டு வகுப்புகளைப் பற்றியதுதான். நான் அங்கே சேர்ந்ததும் அதற்காகத்தான். கொடுத்த பணத்துக்கு முழு மதிப்பு கிடைத்ததும் அதில்தான்.

நான் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில், ஆர்டர்களைப் பையர்களோடு பேசிக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக வேலை செய்கிறேன். எங்களுக்கு ஆர்டர் தருபவர்களில் ஸ்பெயின் நாட்டுப் பையர் ஒருவரும் உண்டு. அவருடைய அலுவலகத்தில் கடிதங்களைக் கவனிக்கும் பெண்மணிக்கு ஆங்கிலத்தைவிட ஸ்பானியம் எளிது என்பதால், கைப்பேசிச் செயலி ஒன்றில் ஓராண்டு படித்த துணிச்சலில், நான் அவருக்கு ஸ்பானியத்திலேயே எழுதத் தொடங்கினேன். ஒரு முறை லேப் டிப் (நிற ஒப்புதலுக்காகச் சாயமேற்றிய சிறு துணி மாதிரி) அனுப்பும்போது, ‘நிறம் வேறாக இருந்தாலும் சரிசெய்து தருவோம்’ என்ற பொருளில் ஒரு வரி எழுதினேன். ஒருவேளை நிறத்தில் சிறு வேறுபாடு வந்தால் கவலைப்பட வேண்டாம் என்பதே என் எண்ணம். நான் எழுதிய தொடர் ‘அவுன்கே எல் தோனோ எஸ் திஃபெரெந்தே’ என்று தொடங்கியது. மறுநாளே, டையிங்கை, அதாவது துணிக்குச் சாயமேற்றுவதை, நிறுத்தி வைக்கும்படியும் புதிய லேப் டிப் அனுப்பும்படியும் பதில் வந்தது. எங்கள் முதலாளி அந்தப் பதிலைப் படித்துவிட்டு, “ஏனம்மணி, நெறம் வேறயாத்தான் இருக்குதுன்னு நாமளே எழுதிக் குடுத்துட்டமாட்ட இருக்குதே?” என்று கேட்டார். அவர் ஸ்பானியம் படித்தவர் அல்லர். ஆனால் நடந்தது அதுவேதான். நான் எழுதிய ‘எஸ்’ என்ற வினை, நிறம் வேறாக இருப்பதை உண்மை என்று ஒப்புக்கொள்ளும் வினை. அந்த இடத்தில் நான் எழுதியிருக்க வேண்டியது ‘சேயா’. ஒரு சொல்லுக்காக நான்கு நாள் போயிற்று.

வகுப்பில் சேர்ந்த முதல் நாள் இந்த வரியைத்தான் ஆசிரியையிடம் காட்டினேன். அவர் உடுமலைப்பேட்டைப் பக்கத்தைச் சேர்ந்தவர்; சில ஆண்டுகள் வலென்சியாவில் வாழ்ந்து திரும்பியவர். அவர் என் பிழையைத் திருத்துவதற்கு முன், அது ஏன் வந்தது என்று விளக்கினார். தமிழில் ‘இருந்தாலும்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ‘அவர் பணக்காரராக இருந்தாலும் எளிமையானவர்’ என்னும்போது அவர் பணக்காரர் என்பது உறுதி. ‘நாளை மழையாக இருந்தாலும் வருவேன்’ என்னும்போது மழை வருமா என்பது தெரியாது. நமக்கு இரண்டும் ஒரே வடிவம் என்பதால் இந்த வேறுபாட்டை நாம் காதால் உணர்வதே இல்லை. ஸ்பானியர் அதை வினையிலேயே காட்டுகிறார்கள்: தெரிந்த செய்தியைச் சொன்னால் ‘எஸ்’, உறுதி கூறாமல் விட்டால் ‘சேயா’. எல்லாருக்கும் முன்பே தெரிந்த ஒன்றை, அது இங்கே முக்கியமில்லை என்று ஒதுக்கிவைக்கும்போதும் அவர்கள் ‘சேயா’ சொல்வதுண்டு என்பதையும் அவர் அன்றே சேர்த்துச் சொன்னார். ஓராண்டு பயன்படுத்திய செயலி இந்த விளக்கத்தின் அருகில்கூட வந்ததில்லை. அது எனக்கு ஸ்பானியத்தை ஆங்கிலத்தின் வழியாகக் கற்றுத் தந்தது. இன்றைய ஆங்கிலத்திலோ இந்த வடிவம் பெரும்பாலும் தேய்ந்துபோய்ச் சில நிலைத்த தொடர்களிலும் ஒருசில வாக்கிய அமைப்புகளிலும் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ் பேசுபவருக்கு எங்கே தடுக்கும் என்பது தமிழிலிருந்து பார்த்தால்தான் தெரியும். இந்த வகுப்பின் பெரிய பலமும் அதுதான்.

ஆசிரியை இந்த வடிவத்துக்கு ‘விழைவு வடிவம்’ என்றும், சாதாரணமாக ஒன்றைத் தெரிவிக்கும் வடிவத்துக்குச் ‘செய்தி வடிவம்’ என்றும் பெயர் வைத்திருக்கிறார். முதல் பெயரில் எனக்கு ஒரு சிறு மனக்குறை உண்டு. விருப்பத்துக்கு அது பொருந்துகிறது. ஐயத்துக்கும், இன்னும் நடக்காத செயலுக்கும், ‘இருந்தாலும்’ போன்ற இடங்களுக்கும் அவ்வளவாகப் பொருந்தவில்லை. ஆயினும் வேறு நல்ல பெயர் என்னிடமும் இல்லாததால் இங்கே அதையே பயன்படுத்துகிறேன்.

வடிவத்தை அமைக்கும் முறையை அவர் ஒரே மாலையில் முடித்தார். ஸ்பானிய வினைகள் ஈற்றைப் பொறுத்து ‘ஆர்’ குடும்பம், ‘ஏர்’ குடும்பம், ‘ஈர்’ குடும்பம் என்று மூன்றாகப் பிரியும். செய்தி வடிவத்தில் ‘ஆர்’ குடும்பத்துக்கு ‘ஆ’ ஒலி உரியது. மற்ற இரண்டுக்கும் ‘ஏ’ ஒலி உரியது. விழைவு வடிவத்தில் இவை இடம் மாறிக்கொள்கின்றன: பேசுதலைக் குறிக்கும் ‘ஆப்லார்’, ‘ஆப்லே’ ஆகிறது, உண்ணுதலைக் குறிக்கும் ‘கொமேர்’, ‘கோமா’ ஆகிறது. நம் ஊரில் இரண்டு குடும்பங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்துக்கொள்வதைப் போல இது என்று அவர் சொன்னபோது, அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

அதன் பிறகு ஒழுங்கற்றவை என்று சொல்லப்படும் வினைகளுக்கு வந்தார். அவற்றில் பெரும்பாலானவை உண்மையில் ஓர் ஒழுங்கைப் பின்பற்றுகின்றன என்பதே அவர் தந்த முதல் ஆறுதல். ‘நான்’ என்பதற்குரிய நிகழ்கால வடிவத்தை எடுத்து, கடைசி ‘ஓ’வை நீக்கி, மாற்று உயிரைச் சேர்த்தால் போதும். வைத்திருத்தலைக் குறிக்கும் ‘தெனேர்’ என்னும் வினையில் ‘என்னிடம் இருக்கிறது’ என்பது ‘தெங்கோ’. எனவே விழைவு வடிவம் ‘தெங்கா’. வருதலைக் குறிக்கும் வினையில் ‘பெங்கோ’, ‘பெங்கா’. செய்தலில் ‘ஆகோ’, ‘ஆகா’. சொல்லுதலில் ‘தீகோ’, ‘தீகா’. வைத்தலில் ‘போங்கோ’, ‘போங்கா’. வெளியேறுதலில் ‘சால்கோ’, ‘சால்கா’.

இந்தப் பட்டியலைப் பலகையில் எழுதிவிட்டு அதன் எதிரே அவர் தமிழில் எழுதிய பட்டியலை நான் மறக்கமாட்டேன்: வருக, தருக, வாழ்க, செல்க. பள்ளியில் வியங்கோள் வினைமுற்று என்று படித்தவை அவை. வேண்டுதல், வாழ்த்துதல், விதித்தல், வைதல் ஆகியவற்றுக்கு உரியவை என்றும், ‘க’ என்னும் ஈறு கொண்டவை என்றும் நாம் மனப்பாடம் செய்தவை. ‘சால்கா’வையும் ‘செல்க’வையும் அடுத்தடுத்து உரக்கச் சொல்லச் சொன்னார். வகுப்பே ஒரு நொடி அமைதியானது. இரண்டு மொழிகளுக்கும் இதில் உறவு எதுவும் இல்லை என்பதையும், இது முழுக்க முழுக்கத் தற்செயலான ஒலி ஒற்றுமை என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார். நினைவில் நிற்பதற்கு மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும் என்றும் எச்சரித்தார். ஆனாலும் ஒன்றைச் செய்தியாகச் சொல்லாமல் ‘ஆகட்டும்’ என்ற மனநிலையில் சொல்வதற்குத் தமிழும் தனியொரு வினைமுற்றை வைத்திருந்தது என்பதும், நாம் அதை மேடை வரவேற்புக்கும் சுவரொட்டிக்கும் ஒதுக்கிவிட்டோம் என்பதும் அன்று எனக்கு உறைத்தது.

அதைவிடவும் பயன்பட்டது அவர் அடுத்துச் சொன்னது. மரியாதையாக ஒருவரை ஏவும்போது ஸ்பானியர் தனியான ஏவல் வடிவம் வைத்திருக்கவில்லை. விழைவு வடிவத்தையே பயன்படுத்துகிறார்கள். அதாவது ‘பெங்கா’ என்றால் ‘வாங்க’. ஸ்பெயினில் பலர் தொலைபேசியை எடுத்தவுடன் ‘தீகா’ என்கிறார்கள். நாம் எடுத்தவுடன் ‘சொல்லுங்க’ என்கிறோம். ஒரு பொருளைக் கையில் கொடுக்கும்போது அவர்கள் ‘தெங்கா’ என்கிறார்கள். நாம் ‘இந்தாங்க’ என்கிறோம். பேச்சின் ஒவ்வொரு முனையிலும் ‘ங்க’ சேர்த்துப் பேசும் கொங்குநாட்டவருக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் இருக்க முடியாது. அன்று முதல் வகுப்பறைக்குள் ஒருவர் நுழைந்தால் ‘பெங்கா’ என்பதும், தாளை நீட்டினால் ‘தெங்கா’ என்பதும் வழக்கமாகிவிட்டன. அட்டவணையைப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தால் ஒரு மாதம் எடுத்திருக்கும் வடிவங்கள் நான்கு நாளில் நாவில் ஏறின. நண்பரிடம் உரிமையோடு பேசும்போது ‘வா’ என்பதற்கு ‘பென்’ என்ற வேறு வடிவம் உண்டு என்பதையும், ஆனால் ‘வராதே’ என்று தடுக்கும்போது அதே நண்பரிடமும் ‘நோ பெங்காஸ்’ என்று விழைவு வடிவத்துக்கே திரும்ப வேண்டும் என்பதையும் அவர் இதனுடனேயே சேர்த்துக் கற்பித்தார்.

இந்த இடத்தில் ஒரு குறையைச் சொல்ல வேண்டும். ‘க’ ஈற்று ஒப்புமை எவ்வளவு உதவியதோ, அவ்வளவு குழப்பத்தையும் தந்தது. மூன்றாம் வார இறுதியில் எங்களில் பாதிப் பேர் எல்லா வினைக்கும் ‘கா’ சேர்க்கத் தொடங்கிவிட்டோம். இயலுதலைக் குறிக்கும் வினையில் ‘புவேதா’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘புவேத்கா’ என்று எழுதியவர்கள் மூன்று பேர். அவர்களில் நானும் ஒருத்தி. ‘தெங்கா’வில் உள்ள ககரம் வினையின் அடியைச் சேர்ந்தது, ஈறு வெறும் ‘ஆ’ மட்டுமே. தமிழ் வியங்கோளிலோ ககரம் ஈற்றைச் சேர்ந்தது. மேலும், வியங்கோள் ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொதுவானது; யார் செய்தாலும் ‘வாழ்க’ ஒன்றுதான். ஸ்பானியத்தில் ஆளுக்கு ஆள் வடிவம் மாறும்: ‘தெங்கா’, ‘தெங்காஸ்’, ‘தெங்காமோஸ்’, ‘தெங்கான்’ என்று. ‘நான்’ என்பதற்கும் ‘அவர்’ என்பதற்கும் மட்டும் ஒரே வடிவம். இந்த வேறுபாடுகளை ஒப்புமை சொன்ன அதே நாளில், அதே பலகையில் எழுதியிருக்கலாம். ஒரு வாரம் கழித்துச் சொன்னதால், வேரூன்றிவிட்ட பிழையைப் பிடுங்குவதற்கு இன்னொரு வகுப்பு செலவாயிற்று.

அடுத்து வந்தவை ‘நான்’ வடிவம் ஓகாரத்தில் முடியாததால் மேற்சொன்ன வழிக்கே வராத ஆறு வினைகள். தன்மையைக் குறிக்கும் ‘இருத்தல்’ ‘சேயா’ ஆகும், நிலையைக் குறிக்கும் ‘இருத்தல்’ ‘எஸ்தே’ ஆகும், போதல் ‘பாயா’, கொடுத்தல் ‘தே’, அறிதல் ‘செப்பா’, துணைவினையாக வருவதும், ‘உள்ளது’ என்ற பொருளில் வருவதுமான ‘அபேர்’ என்பது ‘ஆயா’. இந்த ஆறையும் அப்படியே மனத்தில் வைக்க வேண்டியதுதான். ‘துணி இருக்கும் என்று நம்புகிறேன்’ என்பதற்கு ‘எஸ்பேரோ கே ஆயா தேலா’ என்று சொல்லும்போது, நம் பக்கத்துப் பல வீடுகளில் பாட்டியை அழைக்கும் சொல் நடுவில் வந்து நிற்பதால், அதை யாரும் மறக்கவில்லை. ‘பாயா’வை எழுத்தைப் பார்த்து ‘வாயா’ என்று படித்துவிடுபவர்கள் உண்டு. அப்படிப் படித்தால் நம் காதுக்கு ‘வா’ என்று கேட்கும், பொருளோ ‘போக’ என்பது. எழுத்து எதுவாக இருந்தாலும் சொல்லின் முதலில் அது ‘பாபு’ என்பதில் உள்ள முதல் ஒலியாகத்தான் வர வேண்டும் என்று ஆசிரியை பலமுறை திருத்தினார்.

இவ்வினைகள் ஏன் இப்படி இருக்கின்றன என்று நான் கேட்டதற்கு, அவர் இலத்தீனுக்குப் போனார். பாடத்திட்டத்தில் இல்லாத அரைமணி நேரம் அது. எனக்கு மிகவும் பிடித்த அரைமணி நேரமும் அதுதான். இலத்தீனின் ‘சாபியாம்’ தேய்ந்து ‘செப்பா’ ஆனது. ‘காபியாம்’ தேய்ந்து, ஓர் இடத்துக்குள் அடங்குதலைக் குறிக்கும் ‘கெப்பா’ ஆனது. ‘ஹாபேயாம்’ தேய்ந்து ‘ஆயா’ ஆனது. போதலைக் குறிக்கும் வினையில் மூன்று வெவ்வேறு பழைய வினைகள் கலந்திருக்கின்றன. அதனால்தான் வினையின் பெயர் ‘ஈர்’ என்றும், நிகழ்காலமும் விழைவும் ‘போய்’, ‘பாயா’ என்றும், இறந்தகாலம் ‘ஃபுயி’ என்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நிற்கின்றன. நாள்தோறும் வாயில் புரளும் வினைகள்தாம் இப்படித் தேய்ந்தும் கலந்தும் போகின்றன என்பதற்கு அவர் தமிழிலிருந்தே சான்று காட்டினார்: வா, வருகிறேன், வந்தேன், தா, தருகிறேன், தந்தேன், சாகிறது, செத்தது. தமிழ் கற்க வரும் ஓர் அயலார் இவற்றில் படும் பாட்டை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

வடிவங்கள் முடிந்தபின் பயன்பாடு. இந்த வகுப்பைப் பிறருக்கு நான் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணம் அவர் இதை நடத்திய முறைதான். இருபது வினைகளை ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளாமல், ‘தெனேர்’ என்னும் ஒரே வினையைப் பிடித்துக்கொண்டு, விழைவு வடிவம் வரக்கூடிய எல்லா இடங்களுக்கும் அதைக் கூட்டிச் சென்றார். ‘அவர்களுக்கு நேரம் இருக்கும் என்று நம்புகிறேன்’ என்பது ‘எஸ்பேரோ கே தெங்கான் தியேம்போ’. ‘அவரிடம் துணி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை’ என்பது ‘நோ கிரேயோ கே தெங்கா தேலா’. அதையே ‘இருக்கிறது என்று நினைக்கிறேன்’ என்று உடன்பாட்டில் சொன்னால் செய்தி வடிவமான ‘தியேனே’ வந்துவிடும். நினைப்பதை உறுதியாகச் சொல்கிறோமா மறுக்கிறோமா என்பதைப் பொறுத்து அடுத்த வினை மாறுவது தமிழ்க் காதுக்கு முற்றிலும் புதிது. நம் ‘என்று’ என்ற சொல் வாக்கியத்தின் பின்னால் நின்று செய்யும் வேலையை அவர்களுடைய ‘கே’ முன்னால் நின்று செய்கிறது. ஆகவே ‘என்று’ வரும் இடமெல்லாம் நின்று, முன்வினை விருப்பமா, ஐயமா, மறுப்பா, வெறும் செய்தியா என்று கேட்டுக்கொள்ளுங்கள் என்பது அவர் தந்த வழி. இன்றுவரை நான் கடிதம் எழுதும்போது கைக்கொள்வது இதையே.

என் தொழிலுக்கு மிகவும் வேண்டியிருந்தது, நம் ‘வந்ததும்’, ‘வரும்போது’ போன்றவற்றின் வேலையைச் செய்யும் ‘குவாந்தோ’ என்னும் சொல். ‘சாம்பிள் ஒப்புதல் கிடைத்ததும் கட்டிங் தொடங்குவோம்’ என்றாலும் ‘கிடைத்ததும் தொடங்கினோம்’ என்றாலும், தமிழில் ‘கிடைத்ததும்’ மாறுவதில்லை. எதிர்காலமா இறந்தகாலமா என்பதைக் கடைசி வினைதான் சொல்கிறது. ஸ்பானியத்தில் இன்னும் நடக்காதது என்றால் முதல் வினையே விழைவு வடிவத்துக்குப் போய்விட வேண்டும்: ‘குவாந்தோ தெங்காமோஸ் லா முவெஸ்த்ரா’ (சாம்பிள் எங்கள் கைக்கு வந்ததும்). அதே இடத்தில் ‘தெனேமோஸ்’ என்று எழுதினால், சாம்பிள் கிடைக்கும்போதெல்லாம் வழக்கமாக என்ன செய்வோம் என்று எங்கள் கம்பெனியின் நடைமுறையை விவரித்ததாக ஆகிவிடும். ஆர்டரின் ஒவ்வொரு படியும் ‘இது முடிந்ததும் அது’ என்று நகரும் எங்கள் தொழிலில், இந்த ஒரு விதி தெரியாமல் ஸ்பானியத்தில் கடிதம் எழுதவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ‘கண்டெய்னர் கிளம்பும் முன்’ என்பதும் இதே வகைதான்: ‘ஆந்தேஸ் தே கே சால்கா எல் கொந்தெனெதோர்’. இங்கே காலம் எதிர்காலமா இறந்தகாலமா என்று பார்க்க வேண்டியதே இல்லை. ‘முன்’ என்று சொன்னாலே விழைவு வடிவம் வந்துவிடும். பேச்சு கடந்த காலத்தைப் பற்றியது என்றால் விழைவின் இறந்தகால வடிவம் வேண்டும் என்பது மட்டும் கூடுதல்.

பெயரெச்சத்தில் வரும் வேறுபாடும் அப்படித்தான். ‘எம்பிராய்டரி செய்யும் யூனிட் ஒன்று எனக்குத் தெரியும்’, ‘எம்பிராய்டரி செய்யும் யூனிட் ஒன்று தேடுகிறேன்’ என்ற இரண்டிலும் நமக்கு ‘செய்யும்’ ஒன்றுதான். அவர்களுக்கோ தெரிந்த யூனிட் ‘ஆசே’, தேடும் யூனிட் ‘ஆகா’: ‘புஸ்கோ உன் தாயேர் கே ஆகா போர்தாதோஸ்’. கையில் இருப்பதையும், மனத்தில் மட்டும் இருப்பதையும் வினையின் சிறு மாற்றத்தால் பிரித்துக் காட்டும் இந்த நுட்பம் புரிந்தபோது, இது வெறும் இலக்கணச் சுமை என்ற எண்ணம் என்னை விட்டுப் போயிற்று.

ஒவ்வொருவரும் தம் வேலையில் வந்த உண்மையான கடிதங்களை, ஆட்களின் பெயரையும் விலையையும் மறைத்துவிட்டுக் கொண்டுவர வேண்டும் என்பது வகுப்பின் நடைமுறை. கோயம்புத்தூரில் பம்புசெட் ஏற்றுமதியில் இருப்பவர், கரூரில் படுக்கை விரிப்பு நெய்து அனுப்பும் நிறுவனத்தைச் சேர்ந்தவர், ஈரோட்டு மஞ்சள் வணிகர் ஒருவர் என்று எங்கள் அணி கலந்திருந்ததால், ஒரே ‘தெங்கா’ மோட்டாருக்கும் விரிப்புக்கும் மஞ்சளுக்கும் பொருந்துவதைக் கேட்டுக் கேட்டே பழகினோம். ஒரு ஞாயிறு மாலை வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தபோது, ஆசிரியை எங்களிடம் ‘ஒஹாலா யுவேபா’ என்று எழுதச் சொன்னார். மழை பெய்யட்டும் என்று பொருள். ‘ஒஹாலா’ என்ற சொல் ஸ்பெயினில் அரபு மொழி வழங்கிய காலத்தில் வந்து தங்கியது என்றும், ‘இறைவன் நாடினால்’ என்ற பொருளுடைய அரபுத் தொடரிலிருந்து பிறந்தது என்றும், அதன் பின்னால் எப்போதும் விழைவு வடிவமே வரும் என்றும் விளக்கினார். அன்று மழை வரவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை மனத்தார எழுதாதவர் அந்த அறையில் யாரும் இருந்திருக்க முடியாது. வானம் பார்த்துப் பிழைக்கும் காட்டிலிருந்து வந்தவர்களே எங்களில் பலர்.

இனி வகுப்பு தரும் கையேடு. இதை நான் வெளிப்படையாகக் குறை சொல்லியே ஆக வேண்டும். ஸ்பானியச் சொற்கள் எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலும் அச்சிட்டிருப்பது தொடக்கத்தில் துணையாக இருந்தாலும், இந்தப் பாடத்துக்கு வந்தவுடன் தடையாகிவிடுகிறது. ஸ்பானியத்தில் எந்த அசையை அழுத்திச் சொல்கிறோம் என்பது பொருளையே மாற்றும். தமிழில் அப்படி இல்லாததால் நம் எழுத்தில் அதைக் காட்ட வழியும் இல்லை. ‘பாகே’ என்பதை முதல் அசையில் அழுத்தினால் ‘அவர் பணம் தரட்டும்’ என்று பொருள்; இரண்டாவது அசையில் அழுத்தினால் ‘நான் பணம் தந்தேன்’ என்று பொருள். வணிகம் செய்பவர் இதைக் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘எஸ்தே’யும் அப்படியே, முன்னால் அழுத்தினால் ‘இந்த’, பின்னால் அழுத்தினால் ‘இருக்கட்டும்’. கையேட்டில் இரண்டும் ஒன்றுபோலவே அச்சாகியிருக்கின்றன. ‘தே’ என்று ஒரே எழுத்தாக அச்சிடப்பட்டிருப்பது, ‘கொடுக்கட்டும்’ என்ற வினையாகவும் இருக்கலாம், ‘உடைய’ என்ற பொருள் தரும் இடைச்சொல்லாகவும் இருக்கலாம், தேநீராகவும் இருக்கலாம். ஸ்பானியர் தம் எழுத்தில் மேலே ஒரு சிறு கோடிட்டு இவற்றில் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். நான் கையேடு முழுவதிலும் அழுத்தம் வரும் அசையின் கீழே சிவப்பு மையால் கோடிட்டு வைத்துக்கொண்டேன். அடுத்த பதிப்பில் இதை அச்சிலேயே செய்து தரும்படி ஆசிரியையிடம் எழுத்து மூலமாகவே கேட்டிருக்கிறேன்.

உயிர் மாறும் வினைகளுக்கும் இன்னும் சற்று நேரம் தந்திருக்கலாம். ‘புவேதா’ என்று வருவது ‘நாம்’ என்னும்போது ‘போதாமோஸ்’ என்று பழைய உயிருக்குத் திரும்புகிறது. ஆனால் உறங்குதலில் ‘துவேர்மா’ என்பது ‘நாம்’ என்னும்போது ‘துர்மாமோஸ்’ என்று மூன்றாவதாக ஓர் உயிரை எடுக்கிறது. இதை ஒரே வகுப்பில் விரைவாகக் கடந்துவிட்டார்கள். எனக்கு இன்னும் தடுமாற்றம் இருக்கிறது. அதே வேளையில், பெரும்பாலும் ஸ்பெயினில் மட்டும் வழங்கும் ‘நீங்கள் எல்லாரும்’ என்ற நெருக்கமான பன்மைக்குரிய ‘தெங்காயிஸ்’ போன்ற வடிவங்களுக்கு இரண்டு வகுப்பு போயிற்று. எனக்கு அது பயன்பட்டது. ஆனால் மெக்சிகோவுக்கும் பெருவுக்கும் பம்பு அனுப்புபவருக்கு, அங்கே அந்த வடிவம் பேச்சில் இல்லாததால், அந்த நேரம் வீணானது. சேரும்போதே எந்த நாட்டாருடன் தொழில் என்று கேட்டுப் பிரித்துக்கொள்வது நல்லது.

இடவசதி போதுமானது. கீழே நிட்டிங் எந்திரங்கள் ஓடுவதால் ஒலிப்பதிவுகளைக் கேட்கும்போது மட்டும் சிரமம். ஷிப்மெண்ட் நெருக்கத்தில் வர முடியாதவர்களுக்குத் திங்கள் இரவு அதே பாடத்தை மறுபடி நடத்தித் தருகிறார்கள்; அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. மாதக் கடைசியில் இரண்டு முறை நான் அப்படித்தான் படித்தேன். தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறும் நோக்கத்தோடு வருபவர்களுக்கு இங்கே தரும் தேர்வுப் பயிற்சி போதாது. ஐரோப்பிய மொழி நிலைகளில் பி1 என்னும் படியில் இந்த விழைவு வடிவம் கேட்கப்படும் என்றாலும், அதற்குரிய மாதிரித் தாள்களைத் தனியாகத் தேடிப் பழக வேண்டியிருக்கும். ஸ்பானியத்தை முதல் எழுத்திலிருந்து தொடங்குபவர்கள் நேராக இந்த அணியில் சேர வேண்டாம். நிகழ்கால ‘நான்’ வடிவங்கள் தயக்கமின்றி வாயில் வந்தால்தான் ‘தெங்கோ’விலிருந்து ‘தெங்கா’வுக்குப் போகும் வழி திறக்கும்.

வகுப்பு முடிந்த அடுத்த வாரம் புதிய ஆர்டருக்கான லேப் டிப்பை அனுப்பினேன். இம்முறை அதே தொடரை ‘அவுன்கே எல் தோனோ சேயா திஃபெரெந்தே’ என்று எழுதினேன். டையிங்கை நிறுத்தச் சொல்லிப் பதில் வரவில்லை. துணி திட்டமிட்ட நாளில், சாயமேற்றியபின் சுருக்கத்தைச் சரிசெய்யும் காம்பாக்டிங்குக்குப் போயிற்று. பொங்கல் முடிந்து விழைவு வடிவத்தின் இறந்தகாலத்துக்கான அணி தொடங்குகிறது. அதில் ‘தெங்கா’ ‘துபியேரா’ ஆகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் பெயர் கொடுத்துவிட்டேன், இன்னும் நான்கு இடம் இருக்கிறது.